15,000 ரூபாய்க்குள் பழைய ரோடு பைக்: அலுவலகம் போய்வர எதைப் பார்த்து வாங்குவது?

குரோம்பேட்டையிலிருந்து துரைப்பாக்கத்தில் உள்ள அலுவலகத்துக்கு ரேடியல் சாலை வழியாகச் சைக்கிளில் போய்வர விரும்புகிறீர்கள். ஒரு வழித் தூரம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர், கையில் இருப்பது 15,000 ரூபாய், உங்கள் உயரம் ஐந்தடி ஆறங்குலம். ஆறு வருடப் பழைய ரோடு பைக் (வளைந்த ஹேண்டிலும் ஒல்லி டயரும் கொண்ட சைக்கிள்) ஒன்று, 56 செ.மீ. அளவு பிரேம், 23 மி.மீ. டயர், 'அதிகம் ஓடவே இல்லை' என்ற உறுதிமொழியுடன் 14,000 ரூபாய்க்கு விளம்பரத்தில் வந்திருக்கிறது. அதை வாங்கலாமா, இல்லை உடன் வேலை செய்பவர் சொல்வதுபோல ஹைபிரிட் சைக்கிளைப் பார்ப்பதுதான் சரியா என்பது உங்கள் கேள்வி. அந்த வண்டியை வாங்க வேண்டாம். ஆனால் பழைய ரோடு பைக் வாங்கும் எண்ணத்தையும் கைவிட வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

பழைய சைக்கிளுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று விற்பவர் சொல்லும் விலை. மற்றொன்று, அது நாள்தோறும் 26 கிலோமீட்டர் நம்பி ஓட்டக்கூடிய நிலைக்கு வந்து சேரும்போது உங்கள் பையிலிருந்து மொத்தமாகப் போயிருக்கும் விலை. முதல் விலையை மட்டும் பார்த்து வாங்கியவர்கள்தான் மூன்று மாதத்தில் அதே வண்டியை நட்டத்துக்கு விற்கிறார்கள். நானும் அப்படி ஒருமுறை ஏமாந்தவன். பல வருடங்களுக்கு முன் எஃகு பிரேமில் அலுமினிய சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் கம்பி) போட்ட வண்டி ஒன்றை 8,500 ரூபாய்க்கு வாங்கினேன். சீட் எனக்கு இரண்டு அங்குலம் தாழ்வாக இருந்தது. 'போல்ட்டைத் தளர்த்தினால் ஏறும்' என்று விற்றவர் சொன்னதை நம்பி, தளர்த்திப் பார்க்காமலே பணத்தைக் கொடுத்துவிட்டேன். கடையில் ஓர் இரவு முழுக்க எண்ணெய் ஊற்றி வைத்தார்கள், மறுநாள் சீட் போஸ்ட்டை வைஸில் பிடித்து, பிரேமையே நெம்புகோல்போல இருவர் சேர்ந்து திருப்பினார்கள், அசையவில்லை. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, "சார், இது வெளிய வராது. உள்ளயே வளந்துபோச்சு" என்றார். அவர் சொன்னதில் மிகை இல்லை. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் ஒட்டியிருக்கும்போது அலுமினியம் அரித்து, அந்த அரிப்பு பருத்து, குழாயை உள்ளிருந்து இறுக்கிக்கொள்கிறது. கடற்காற்று வீசும் சென்னையில் இது அரிதான நோய் அல்ல. கடைசியில் ரம்பத்தால் உள்பக்கமாக அறுத்தெடுக்க 1,800 ரூபாயும் பதினொரு நாளும் ஆயின. அன்றிலிருந்து எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் என் முதல் வேலை, சட்டைப்பையிலிருந்து ஆலன் சாவியை (அறுகோண போல்ட் சாவி) எடுத்து சீட்டை ஓர் அங்குலம் ஏற்றி இறக்கிப் பார்ப்பது. விற்பவர் அதற்குத் தயங்கினால் அங்கேயே விடை கிடைத்துவிடுகிறது.

இனி நீங்கள் பார்த்த விளம்பரத்துக்கு வருவோம். அதன் முதல் குறை அளவு. 56 என்பது பொதுவாக ஐந்தடி பத்து அங்குலத்தை ஒட்டியவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் உரியது. வெறுங்காலுடன் சுவரோடு ஒட்டி நின்று, கால்களுக்கிடையே ஒரு புத்தகத்தைச் சீட்டில் உட்காரும் அழுத்தத்துடன் மேலே தள்ளிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்து பாருங்கள். உங்கள் உயரத்துக்கு அது 76 முதல் 79 சென்டிமீட்டருக்குள் இருக்கும். அந்த அளவை 0.67-ஆல் பெருக்கினால் பழைய முறைக் கிடைமட்டக் குழாய் கொண்ட ரோடு பிரேமின் அளவு ஏறத்தாழக் கிடைக்கும். 78 என்றால் 52. மேற்குழாய் சரிவாக உள்ள இன்றைய பிரேம்களில் எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றன என்பதால், அங்கே சீட் குழாயின் எண்ணைவிட மேற்குழாயின் கிடைமட்ட நீளத்தைத்தான் பார்க்க வேண்டும். அது 52 முதல் 53.5 சென்டிமீட்டர்வரை இருந்தால் உங்களுக்குச் சரி. சீட்டை ஏற்றலாம், இறக்கலாம், ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம்மை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குட்டையானதாக மாற்றலாம்; ஆனால் நான்கு சென்டிமீட்டர் பெரிய பிரேமை எதைக் கொண்டும் சிறிதாக்க முடியாது. பெரிய பிரேமில் கை நீண்டு, தோளும் கழுத்தும் வலித்து, பிரேக்கை எட்டிப் பிடிக்க நேரும். கீழ்க்கட்டளைச் சந்திப்பில் ஷேர் ஆட்டோ திடீரென்று இடப்பக்கம் ஒடித்து நிற்கும்போது அந்த எட்டிப் பிடிக்கும் நேரம் உங்களிடம் இருக்காது. ஆகவே விலை பாதியாகக் குறைந்தாலும் 56 வேண்டாம்.

இரண்டாவது குறை அந்த 23 மி.மீ. டயர். டயர் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். கேள்வி, அந்த பிரேமில் அதைவிட அகலமான டயர் நுழையுமா என்பதுதான். ரேடியல் சாலையில் மேம்பாலங்களின் இணைப்பு இடுக்குகளும், சாலையோடு சமமாக இல்லாத மேன்ஹோல் மூடிகளும், ஓ.எம்.ஆரில் மெட்ரோ பணிக்காகத் தோண்டி மூடிய ஒட்டுகளும் உங்கள் அன்றாடப் பாதை. ஒல்லியான டயரை 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்றடித்து வைத்தால் ஒவ்வொரு பள்ளமும் மணிக்கட்டில் தெரியும்; குறைத்து வைத்தால் பள்ளத்தின் விளிம்பில் டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டைத் துளை விழும். 28 மி.மீ. டயரில், 65 முதல் 70 கிலோ எடையுள்ளவர் முன்னால் 65, பின்னால் 75 பி.எஸ்.ஐ. அளவில் நிம்மதியாகப் போகலாம். 32 கிடைத்தால் இன்னும் நல்லது. வேகத்தில் நீங்கள் இழப்பதாக எதுவும் உங்களுக்குத் தெரியப் போவதில்லை. பந்தயத்துக்காக வடிவமைத்த பிரேம்களில், பிரேக்குக்குக் கீழேயும் பின்புறக் குழாய்களுக்கு நடுவேயும் 25-க்கு மேல் இடம் இராது. எனவே பார்க்கப் போகும்போது, இப்போதுள்ள டயரின் இருபுறமும் பிரேமுக்கு எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். 23 டயர் இருக்கும் வண்டியில் இருபுறமும் ஒரு சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தால் 28 போகும் என்பது என் கைக்கணக்கு. டயரின் பக்கவாட்டில் '28-622' என்பதுபோல் அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் அகலம், இரண்டாவது டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில்.

அந்த 622 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து நம் தெருக்கடைகள் பழகியது 28 அங்குலப் பெரிய சைக்கிள். அதன் ரிம் 635 மி.மீ. ரோடு பைக்கின் 700சி எனப்படும் 622 மி.மீ. சக்கரத்தையும் பலர் '28 இன்ச்' என்றே சொல்வதால், அவசரத்தில் தெருக்கடையில் '28 டயர் ஒன்று' என்று கேட்டு வாங்கினால் 13 மில்லிமீட்டர் பெரிய, எந்தக் காலத்திலும் பொருந்தாத டயரோடு வீடு திரும்புவீர்கள். வால்விலும் இதே சிக்கல் உண்டு. ரோடு பைக்குகளில் பெரும்பாலும் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருக்கும். பஞ்சர் கடையின் குழாய் அதில் பொருந்தாது. வால்வின் மேல் திருகிக்கொள்ளும் சிறு பித்தளை அடாப்டர் ஒன்றைச் சாவிக்கொத்திலேயே மாட்டி வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. அப்போதும் கம்ப்ரசரை அவர் கையில் விட்டுவிட்டு நீங்கள் வேடிக்கை பார்க்கக் கூடாது. ஒல்லி டியூபில் காற்று நிறைய ஓரிரு நொடிகள் போதும்.

ஹைபிரிட்டைப் பற்றி உங்கள் நண்பர் சொல்வது தவறான யோசனை அல்ல. நேரான ஹேண்டில், 35 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட டயர், ஸ்பிரிங் இல்லாத போர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) கொண்ட ஹைபிரிட், நெரிசலில் ரோடு பைக்குக்கு எந்த வகையிலும் குறைந்தது அல்ல. நான் வேண்டாம் என்பது முன்னால் ஸ்பிரிங் வைத்த மலிவு ஹைபிரிட்டை மட்டும்தான். அந்த ஸ்பிரிங் வீண் எடை. மழைக்காலம் ஒன்று போனதும் துருவேறி இறுகிவிடும். ரோடு பைக்கில் உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான வசதி, மாலையில் பள்ளிக்கரணைப் பக்கம் எதிர்காற்று அடிக்கும்போது குனிந்து ஓட்ட முடிவதும், கையை மூன்று நான்கு நிலைகளில் மாற்றிப் பிடிக்க முடிவதும்தான். அலுவலகம் போகிறவர் பெரும்பாலும் பிரேக் லீவரின் மேல்மேட்டில்தான் கை வைத்திருப்பார். சில தொடக்கநிலை வண்டிகளில் ஹேண்டிலின் மேல்பகுதியிலும் கூடுதலாக ஒரு ஜோடி பிரேக் லீவர் இருக்கும். பந்தயக்காரர்கள் அதைக் கண்டு சிரிப்பார்கள், நெரிசலில் ஓட்டுகிறவருக்கு அது வரம்.

கியரில் கௌரவம் பார்க்காதீர்கள். ஷிமானோ நிறுவனத்தின் கியர் வரிசையில் டூர்னி 7, கிளாரிஸ் 8, சோரா 9, டியாக்ரா 10 எனப் பின்சக்கரத்தில் உள்ள பற்சக்கரங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். அதற்கு மேலான '105' வரிசை கியர் பூட்டிய பழைய வண்டிகளில் 10 அல்லது 11 இருக்கும். உங்கள் பாதையில் மேம்பாலம் தவிர ஏற்றமே இல்லை. எட்டு போதும்; ஏழும் போதும். எண்ணிக்கை ஏற ஏற செயின் ஒல்லியாகிறது, விலை கூடுகிறது, ஆயுள் குறைகிறது. 8 கியர் செயின் ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். 11 கியரில் செயினும் கேசட்டும் (பின்சக்கரப் பற்சக்கரத் தொகுதி) மாற்றுவதற்கு உங்கள் பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 'பிரபலமான உயர்ரக பாகங்கள், 15,000 மட்டும்' என்று வரும் விளம்பரத்தை அதனாலேயே நான் சந்தேகத்தோடு பார்ப்பேன். அந்த பாகங்கள் தேய்ந்து மாற்றும் செலவைத் தாங்காமல் விற்கிறார்களோ என்றுதான் தோன்றும்.

செயின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை விற்பவர் வீட்டு வாசலிலேயே ஒரு பள்ளிக்கூட ஸ்கேலால் கண்டுபிடிக்கலாம். செயினின் ஊசிகளுக்கு இடையே சரியாக அரை அங்குலம் இருக்க வேண்டும். ஸ்கேலின் அங்குலப் பக்கத்தை செயினோடு ஒட்டிப் பிடித்து, சுழியத்தை ஓர் ஊசியின் நட்ட நடுவில் வையுங்கள். பெடலை ஒரு கையால் லேசாக அழுத்தி செயினை இறுக்கமாக வைத்துக்கொண்டு 12 அங்குலக் கோட்டைப் பாருங்கள். புதிய செயினில் அந்தக் கோடு, தொடங்கிய ஊசியை விட்டு எண்ணினால், இருபத்துநான்காவது ஊசியின் நடுவில் விழும். ஊசி கோட்டைத் தாண்டி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு, மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் அந்த செயின் பின்னால் உள்ள கேசட்டின் பற்களையும் தன் அளவுக்குத் தின்று முடித்திருக்கும். புதிய செயின் மட்டும் போட்டால் மிதிக்கும்போது பல்லில் நில்லாமல் குதிக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஸ்கேலை வெளியே எடுத்தவுடன் பேரத்தின் தொனியே மாறிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

'அதிகம் ஓடவே இல்லை' என்பதைப் பலரும் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆறு வருடம் பால்கனியில் வெயிலும் சாரலும் பட நின்ற வண்டியைவிட, வாரம் நான்கு நாள் ஓடி, வருடம் ஒருமுறை ஓவராயிலிங் செய்யப்பட்ட வண்டியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். நின்ற வண்டியில் டயரின் பக்கச்சுவர் வெடித்திருக்கும். ஹப்பிலும் பெடலிலும் கிரீஸ் காய்ந்திருக்கும். கேபிள் உறைக்குள் துரு பிடித்திருக்கும். இவற்றைவிட மோசமானது, பிரேக் லீவருக்குள்ளேயே இருக்கும் கியர் மாற்றும் பொறியில் தொழிற்சாலையில் வைத்த கிரீஸ் பிசின்போல் இறுகிவிடுவது. அப்போது லீவரைத் தட்டினால் 'டிக்' என்ற சத்தமே வராமல் கை மட்டும் போய்வரும். பல சமயங்களில் பழைய கிரீஸைக் கரைக்கும் திரவத்தைப் பீய்ச்சி, நூறு முறை தட்டித் தட்டிப் பிடித்துவிடலாம். பிடிக்காவிட்டால் அதுதான் இந்த வண்டியிலேயே மாற்ற மிகவும் செலவு பிடிக்கும் பாகம். ஜோடி வாங்குவதற்குள் பாதி வண்டி விலை வந்துவிடும். ஆகவே ஓட்டிப் பார்க்கும்போது முன்னும் பின்னும் ஒவ்வொரு கியரையும் இரண்டு திசையிலும் போட்டுப் பாருங்கள். ஒன்றுகூட விடக் கூடாது.

பிரேமைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைக்குக் கீழ் பார்க்கிங்கில், டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லா வண்டியும் புதிதாகத்தான் தெரியும். முன்புறம் ஹேண்டில் நுழையும் குட்டைக் குழாயும் அதிலிருந்து பெடல் வரை சாய்ந்து இறங்கும் பெரிய குழாயும் சேரும் இடத்தில், கீழ்ப்பக்கமாக விரலை ஓட்டுங்கள். அங்கே பெயின்ட் சுருங்கியோ, தோல் மடிந்ததுபோல மெல்லிய அலையாகவோ தட்டுப்பட்டால் வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது. பெடல் அச்சைச் சுற்றிய வெல்டுகள், சீட் குழாயின் மேல்முனை, பின்சக்கரம் மாட்டும் காதுகள் ஆகியவற்றையும் பாருங்கள். கீறலா வெடிப்பா என்று ஐயம் வந்தால் ஒரு துண்டுப் பஞ்சை அந்த இடத்தில் இழுத்துப் பாருங்கள். வெடிப்பின் விளிம்பில் இழை சிக்கும். எஃகு பிரேம் என்றால் பற்றவைக்கலாம், சற்று வளைந்திருந்தாலும் நிமிர்த்தலாம்; அலுமினியத்தில் வெடிப்பு கண்டால் பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். கார்பன் பிரேம் இந்த விலையில் வந்தால் பார்க்கவே போகாதீர்கள். அதன் காயம் உள்ளே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கார்பன் போர்க் பரவாயில்லை, தொடக்கநிலை வண்டிகளிலும் அது உண்டு. ஆனால் அதன் இரு கால்களையும் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்துவிடுங்கள்.

பிரேம் கோணலா என்று பார்க்க ஒரு நூற்கண்டு போதும். பின்சக்கரம் மாட்டும் இடத்தில் ஒரு பக்கக் காதில் நூலைக் கட்டி, முன்புறக் குட்டைக் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கக் காதில் இழுத்துக் கட்டுங்கள். நடுவே சீட் குழாயைக் கடக்கும் இடத்தில் இருபக்கமும் நூலுக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளியை அதே ஸ்கேலால் அளந்தால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். மூன்றுக்கு மேல் போனால் வாங்க வேண்டாம்.

சக்கரத்தில் மறக்கக் கூடாதது ரிம். ரிம்மைக் கவ்வும் பிரேக் உள்ள வண்டியில், மழைச்சேறும் பிரேக் கட்டையும் சேர்ந்து ரிம்மின் பக்கச்சுவரை அரம்போல் தேய்க்கின்றன. ஸ்கேலின் விளிம்பை அந்தப் பக்கச்சுவரில் நிறுத்திப் பாருங்கள். நடுவே வெளிச்சம் தெரியும் அளவுக்குக் குழிந்திருந்தால், ஒருநாள் காற்றழுத்தம் தாங்காமல் ரிம் பிளக்கும். பல ரிம்களில் தேய்மானத்தைக் காட்டுவதற்கென்றே மெல்லிய கோடோ சிறு குழியோ இருக்கும். அது மறைந்திருந்தால் ரிம்மின் காலம் முடிந்தது. சக்கரத்தில் சிறிது கோட்டம் இருப்பது பெரிய விஷயமல்ல, எந்தக் கடையிலும் கோட்டம் எடுத்துத் தருவார்கள். ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று ஸ்போக்ஸ் தளர்ந்து கிடப்பதுதான் கவலைக்குரியது. டிஸ்க் பிரேக் வண்டி கிடைத்தால் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நிச்சயமாக வசதி. ஆனால் அதற்காகக் கூடுதலாக மூவாயிரம் கொடுக்கும் நிலையில் உங்கள் பட்ஜெட் இல்லை. மற்ற அசைவுகளை விரைவில் பார்த்துவிடலாம்: முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹேண்டில் கழுத்தில் 'டொக்' என்று தட்டக் கூடாது, கிராங்க்கை (பெடலைத் தாங்கும் கை) பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது, முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் எங்கும் சிக்கி நிற்கக் கூடாது. கழுத்திலும் கிராங்க்கிலும் ஆட்டம் இருந்தால் சில நூறு ரூபாயில் சரிசெய்யலாம், விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

இனிப் பணக் கணக்கு. எல்லாம் தேய்ந்த வண்டி ஒன்றுக்கு டயர் இரண்டு 2,400, டியூப் இரண்டு 600, செயின் 900, கேசட் 1,500, பிரேக் கட்டை 500, கேபிள் மாற்றி ஓவராயிலிங் 1,500 என்று வைத்தால் 7,400 ரூபாய் ஆகிறது. கடைக்குக் கடை சற்று முன்பின் இருக்கலாம். இதோடு ஹெல்மெட் 1,000, முன்பின் விளக்குகள் 600, பூட்டு 700, கைப்பம்பு 500 என 2,800 தனி. விளம்பரத்தில் வந்த 14,000 ரூபாய் வண்டிக்கு டயர் கட்டாயம், மற்றவை ஐயம். எனவே துணைப்பொருள்களையும் சேர்த்தால் உண்மையில் அது ஏறக்குறைய 20,000 ரூபாய் வண்டி. உங்கள் 15,000-ஐ நான் பிரித்தால் வண்டிக்கு 8,900, அதைச் சரிசெய்ய 3,300, துணைப்பொருள்களுக்கு 2,800 என்று பிரிப்பேன். அந்த 3,300-க்குள் இரண்டு டயரும் ஒரு செயினும் மட்டும் மாற்றிக்கொள்ளக்கூடிய வண்டியைத்தான் தேட வேண்டும். கேசட்டும் போயிருந்தால் விலை 7,400-க்கு இறங்காமல் கட்டுப்படியாகாது. பேரம் பேசும்போது குறையைச் சொல்லி வண்டியை மட்டம் தட்டாதீர்கள். எந்தெந்த பாகத்துக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினால் பெரும்பாலானவர்கள் இறங்கி வருகிறார்கள், கோபமும் வருவதில்லை. அவர் வாங்கிய பில்லைக் காட்டி 'பாதி விலைதான் கேட்கிறேன்' என்றால், அதே மாதிரி வண்டியின் இன்றைய புதுவிலையைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய பில்லை வைத்துக் கணக்கிடுவது உங்களுக்கு நட்டம்.

எந்த வகை வண்டியைத் தேடுவது என்றால், டெகத்லானின் டிரைபான் போன்ற தொடக்கநிலை அலுமினிய வண்டிகள், ஐந்து முதல் எட்டு வருடப் பழையவை, இந்த விலைக்கு வர வாய்ப்பு உண்டு. பின்புறம் கேரியர் மாட்டத் திருகுதுளைகளும் மட்கார்டுக்கு இடமும் உள்ள பிரேமாக இருந்தால் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம். மடிக்கணினியை முதுகில் சுமந்து 13 கிலோமீட்டர் ஓட்டினால் மே மாதத்தில் சட்டையைப் பிழிய வேண்டியிருக்கும், கேரியரில் பை மாட்டினால் முதுகு தப்பும். சிறிய பிரேமில் மட்கார்டு மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். மெதுவாகத் திரும்புகையில் பெடலில் உள்ள கால்விரல் முன்சக்கர மட்கார்டில் இடிக்கிறதா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துவிட வேண்டும். லேசாக உரசினால் பழகிக்கொள்ளலாம். மாட்டி நின்றால் முன் மட்கார்டு வேண்டாம்.

திருட்டு வண்டியை வாங்கிவிடாமல் இருப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான். பெடல் அச்சுக்கு அடியில், வண்டியைத் தலைகீழாகத் திருப்பினால் தெரியும் இடத்தில், பிரேம் எண் பொறித்திருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருளென்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம்; தெரியாமல் வாங்கியிருந்தாலும் வண்டி உரியவரிடம் போய்விடும். பில் இல்லை என்பதாலேயே ஒருவரைத் திருடர் என்று கருத முடியாது, எனக்கே பல பில்கள் தொலைந்திருக்கின்றன. ஆனால் பிரேம் எண், தேதி, விலை, இருவர் பெயர், கையெழுத்து அடங்கிய ஒரு பக்கத் தாளும் அவருடைய அடையாள அட்டையின் நகலும் கேட்டு வாங்குங்கள். நேர்மையாக விற்பவர் மறுப்பதில்லை. பார்க்காமல் முன்பணம் அனுப்ப வேண்டாம். 'ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம் வந்துவிட்டது, வண்டியை லாரியில் போட்டு அனுப்புகிறேன்' என்று தொடங்கும் பேச்சு ஆன்லைன் மோசடியில் மிகவும் பழசு. நாளை நீங்கள் விற்கும்போது யாராவது 'பணம் அனுப்புகிறேன், இந்த கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணை (PIN) போடுங்கள்' என்றால், யு.பி.ஐ.யில் பணம் பெற அந்த ரகசிய எண் தேவையே இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போதைக்கு, அந்த 56 வண்டிக்காரருக்கு அளவு பொருந்தவில்லை என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, 52 அல்லது எஸ் அளவு என்று தேடலை மாற்றிக்கொள்ளுங்கள். ஏதாவது தென்பட்டால் குரோம்பேட்டையிலிருந்து கிளம்புவதற்கு முன் அவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: ஸ்கேல் வைத்த செயின், பெடலுக்கு அடியில் உள்ள பிரேம் எண், டயருக்கும் பிரேமுக்கும் இடையிலான இடைவெளி. மூன்றும் சரியாக இருந்தால் காலை ஏழு மணிக்குப் போங்கள். வெளிச்சமும் இருக்கும், ஓட்டிப் பார்க்கச் சாலையும் காலியாக இருக்கும். கையில் 4, 5, 6 மி.மீ. ஆலன் சாவிகள், ஸ்கேல், நூல், கொஞ்சம் பஞ்சு. சீட்டை ஓர் அங்குலம் ஏற்றிப் பார்க்க மறக்காதீர்கள்.